திருஷ்டி நட்டு

எல்லம்மா நட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை. சீமெண்ணெய்த் தொட்டிக்குள் முழங்கை நனையக் கையை விட்டு ஒன்றை எடுக்கிறாள். வலது கட்டைவிரல் நுனியை அதன் துளைக்குள் வைத்து அரைச் சுற்றுச் சுற்றுகிறாள். அந்த நேரத்தில் அவள் பார்வை லாங்ஃபோர்ட் டவுன் சாலையில் போகும் ஜட்கா வண்டியின் மேல் இருக்கும். இல்லாவிட்டால் எதிர் பங்களாவின் கொய்யா மரத்தில் எத்தனை காய் பழுத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். "லாரி," என்கிறாள். நட்டு இடப்பக்கத் தகரத் தட்டில் போய் விழுகிறது. "இங்கிலீஷ் காரு." வலப்பக்கம். "இது எவனோ உருப்படாதவன் கடைஞ்சது." முதுகுக்குப் பின்னால், சாக்கடையில்.

வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. சீமெண்ணெய் நாற்றம் தொண்டைக்குள் இறங்காமல் இருக்க அது காவல். கிராம்பு தீர்ந்துபோன நாளில் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

கோவிந்தன் மேஸ்திரியின் மோட்டார் ஷெட்டில் அவளுடைய வேலைக்குத் தனியாக ஒரு பெயர் கிடையாது. ஆனால் ஓர் இன்ஜினைப் பிரித்தால் அதன் அங்கங்கள் அத்தனையும் முதலில் அவளிடம்தான் வந்து சேரும். கரியையும் பிசுக்கையும் தேய்த்துக் கழுவி, நட்டு வேறு போல்ட் வேறாக இனம் பிரித்து, இன்ஜினுக்கு ஒரு தட்டு என்று அடுக்கி வைப்பாள். மறுபடி பூட்டும்போது மேஸ்திரி கையை நீட்டி, என்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவள் எடுத்துக் கொடுப்பாள். வேறு யாரும் தட்டைத் தொடக் கூடாது. "தொட்டா கைய முறிச்சு அதே தட்டுல போட்டுடுவேன். மேஸ்திரியா இருந்தாலும் சரி, கவர்னரா இருந்தாலும் சரி." மேஸ்திரி முன்னாலேயே சொல்லுவாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். இந்தப் பதினோரு வருஷத்தில் அவள் எடுத்துக் கொடுத்த நட்டு ஒன்றுகூடத் தப்பாக இருந்ததில்லை. அதனால் அவள் கொடுத்ததை அவர் திருப்பிப் பார்ப்பதும் இல்லை.

இந்த வித்தையை அவள் படித்த இடம் ஒரு குப்பைமேடு. யுத்தம் முடிந்ததும் வேண்டாமென்று ராணுவம் ஏலத்தில் தள்ளிய இரும்பு, அல்சூருக்குப் பக்கத்தில் மலையாகக் குவிந்து கிடந்தது. அமெரிக்க லாரி, இங்கிலீஷ் லாரி, ஜீப், ஜெனரேட்டர், எல்லாவற்றின் நட்டும் போல்ட்டும் கலந்து துருப்பிடித்துக் கிடந்த அந்தக் குவியலைப் பிரிக்க ஏலம் எடுத்தவர் பெண்களை உட்கார வைத்தார். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி ஆறு பட்டை. துளைக்குள் சுருளாக ஓடுகிற மரையில்தான் ஜாதி பிரிகிறது. ஒன்று அகலம், ஒன்று சன்னம். ஒன்று கூர், ஒன்று மழுங்கல். காலேஜில் அளவுகோல் கொடுத்து, அட்டவணையும் கொடுத்துக் கற்பிக்கிற இந்தப் பாடத்தை, எழுத்து வாசனை இல்லாத எல்லம்மா நாலு மாதத்தில் கட்டைவிரலில் ஏற்றிக்கொண்டாள். ஒருநாள் ஜீப்பு போல்ட் வாங்க அங்கே போன கோவிந்தன், அவள் பராக்குப் பார்த்துக்கொண்டே நட்டுகளைப் பிரிப்பதைச் சந்தேகத்தோடு கால்மணி நேரம் நின்று பார்த்தார். மறுநாளிலிருந்து அவள் இந்த ஷெட்டில் இருக்கிறாள்.

மர்பி டவுனில் வீடு. வீட்டில் சமையல் அவள் புருஷன் பச்சைமுத்துவுடையது. குளித்து மாற்றுச் சேலை கட்டுகிறவரை அடுப்பு இருக்கும் திசையில் அவள் வரக் கூடாது என்பது அவன் சட்டம். "பொம்பள வரலியே, தீப்பந்தமில்ல நடந்து வருது" என்பான். குளித்த பிறகும் அவனே கிண்டுவான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு உப்பு பற்றி அபிப்பிராயம் சொல்லுவாள். அக்கம்பக்கத்தில் இதைக் கேலி செய்யாத ஆளில்லை. "என் ஊட்டுக்காரன் ரசத்த ஒருவாட்டி குடிச்சுப் பாரு, அப்பால உன் ஊட்டுக்காரனை இஸ்கூலுக்கு அனுப்பு" என்று திருப்பிக் கொடுப்பாள்.

இன்ஜின்களுக்கு அவள் பட்டப்பெயர் வைத்திருக்கிறாள். எண்ணெய் கசிகிறது மூக்கொழுகி. காலையில் கிளம்ப அடம்பிடிக்கிறது மாமியார். அந்த வழக்கப்படி, சேஷகிரியின் எம்.ஜி. காரிலிருந்து இறக்கிய இன்ஜினுக்கு அவள் வைத்த பெயர் மாறுவேஷக்காரன். பெயருக்குக் காரணம் இருந்தது. இங்கிலாந்தில் செய்த இன்ஜின், நட்டின் மேல் இங்கிலீஷ் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளே விரலை விட்டால் மரை மட்டும் மில்லிமீட்டர் கணக்கு. "மேல கோட்டும் தொப்பியும் போட்டுக்கினு உள்ள வேட்டி கட்டியிருக்கான் பாரு" என்று முதல் நாளே சொன்னாள்.

சேஷகிரி மின்சார இலாகாவில் எஞ்சினியர். அவருடைய தகப்பனார் பழைய மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். இங்கிலாந்துக்கே திரும்பிப் போன ஒரு காப்பித் தோட்டத்துத் துரையிடமிருந்து சேஷகிரி அந்தப் பச்சை நிற இரட்டை இருக்கைக் காரை வாங்கி, அதைத் துடைப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தார். எண்ணெய் அளவைப் பார்க்காமல் நந்திமலையில் ஏற்றியதில் பேரிங் உருகி, பிஸ்டன் ஒன்று உடைந்து, பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் கீறிப்போயிற்று. இது 1957 கடைசியில் நடந்தது. வெளிநாட்டுச் சாமான் வரத்து அநேகமாக நின்றுபோயிருந்த காலம். மூன்று ஒர்க்ஷாப்புகளில் ஒரே பதில்: பழைய இன்ஜினைக் கழற்றி எறியுங்கள், இங்கேயே தயாராகிற காரின் இன்ஜினை மாட்டித் தருகிறோம்.

நாலாவதாக கோவிந்தனிடம் வந்தபோது சேஷகிரி கேட்டார்: "வேற இன்ஜின் போட்டா அப்புறம் முன்னாடி இருக்கற போர்டு மட்டும்தான் எம்.ஜி. நான் போர்டையா ஓட்டப் போறேன், மேஸ்திரி?"

கோவிந்தனுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. ஏழு மாதம் பிடித்தது. கிராங்கை அரைத்து, பேரிங்குக்கு உலோகம் காய்ச்சி ஊற்றி, எங்கே உரசுகிறது என்று நீலம் தடவிப் பார்த்துப் பார்த்துச் சுரண்டினார். பிஸ்டன்கள் கொழும்பிலிருந்து ஒரு தெரிந்தவரின் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வந்தன. எல்லாவற்றுக்கும் மாற்று தேடலாம், ஆனால் நாலு பிஸ்டனும் குடியிருக்கிற அந்த வார்ப்பிரும்பு பிளாக்குக்கு மாற்று இந்த ஊரில் இல்லை; மதராஸிலும் இல்லை. அது உடைந்தால் அந்தக் கார் அதோடு சரி.

*

அந்த ஷெட்டில் சாமி படம் கிடையாது. எலுமிச்சம்பழம், கற்பூரம், பூசணிக்காய் எதற்கும் அனுமதி இல்லை. கோவிந்தன் பகுத்தறிவுக் கட்சி. ஆயுத பூஜையன்று கதவைப் பூட்டிக்கொண்டு வேலை செய்வார். கேட்டால், "பெட்ரோல் ஷெட்டுல சூடம் கொளுத்தறதுக்குப் பேரு பக்தியா, தற்கொலையா?" என்பார்.

எல்லம்மாவுக்கு மேஸ்திரியிடம் இருந்த ஒரே மனத்தாங்கல் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி இன்ஜினை முடித்தபோது, வந்தவன் போனவன் எல்லாம் அவள் தட்டைப் பார்த்து, "அடேயப்பா, ஒண்ணுகூடக் குறையில்லாம என்ன அழகு" என்று வாயைப் பிளந்தார்கள். அந்த இன்ஜின் மறுநாள் ஓசூர் தாண்டுவதற்குள் இறுகி நின்றுபோயிற்று. காரணம் தண்ணீர்க் குழாய் என்று மேஸ்திரி கண்டுபிடித்தார். எல்லம்மா கண்டுபிடித்த காரணம் வேறு. எல்லாம் சரியாக இருந்தது, அதனால் கண் பட்டது.

அன்றிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். குழந்தையின் கன்னத்தில் மை வைப்பது போல, ஒவ்வொரு தட்டிலும் அந்த இன்ஜினைச் சேராத நட்டு ஒன்றை வேண்டுமென்றே போட்டு வைப்பாள். பூட்டுகிற நாளில் அதை அவளே விரலால் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பாள். மற்ற தட்டுகளில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி துருப்பிடித்த பெரிய நட்டு கிடக்கும். எம்.ஜி. தட்டில் அது முடியவில்லை. மேஸ்திரி அந்தத் தட்டை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எட்டிப் பார்த்தார். ஆகவே பார்வைக்கு அச்சு அசல் அதே போல ஒன்றை, அதே உயரம், அதே ஆறு பட்டை, தலையில் அதே வெட்டு, வேறொரு இங்கிலீஷ் காரிலிருந்து தேடிப் பிடித்துப் போட்டாள். பிஸ்டன் தண்டுகளைக் கிராங்கோடு பிணைக்கிற நட்டுகள் எட்டு. தட்டில் ஒன்பது. யாரும் எண்ணவில்லை.

வியாழக்கிழமை பூட்டு வேலை. அதற்கு முதல் நாள் பிஸ்டன் வளையத்தின் விளிம்பு அவள் வலது கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தாள்.

"ராடு நட்டு, எட்டு," என்று இன்ஜினுக்கு அடியிலிருந்து மேஸ்திரியின் கை நீண்டது.

இடது கையால் தடவி ஒன்றை ஒதுக்கினாள். எட்டைக் கொடுத்தாள்.

*

சனிக்கிழமை காலை எட்டரை மணி. முதல் நாள் மாலையே இன்ஜின் உறுமிப் பத்து நிமிஷம் நின்ற இடத்தில் ஓடிவிட்டது. சேஷகிரி குதூகலத்தில் கோவிந்தனைக் கட்டிப் பிடித்துச் சட்டையைக் கறையாக்கிக்கொண்டு போனார். இன்று காரை எடுத்துக்கொண்டு நிதானமாக மைசூர் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். புது பேரிங் பழகுவதற்கு அப்படி ஓர் ஓட்டம் வேண்டும் என்று மேஸ்திரியே சொல்லியிருந்தார். மனைவி பாகீரதியையும் அழைத்து வந்திருந்தார். தலையில் ஸ்கார்ஃப், மடியில் நாலு அடுக்கு டிபன் கேரியர்.

"இவளுக்கு இந்தக் கார் மேல ஒரே பொறாமை, மேஸ்திரி. ஏழு மாசமா ராத்திரியில இன்ஜின் இன்ஜின்னு பெனாத்தறேனாம்."

"பொறாமை இல்லே. சக்களத்தியை ஒருதரம் நேர்ல பார்க்கலாமேன்னு வந்தேன்" என்றாள் பாகீரதி.

கோவிந்தன் சிரித்தபடி பானெட்டின் தோல்பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார்; ஷெட்டில் அது அபூர்வம்.

எல்லம்மா மூலையில் எம்.ஜி. தட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். விரலில் கட்டு இல்லை. காயம் வாய் மூடியிருந்தது. தட்டில் ஒற்றையாகக் கிடந்த திருஷ்டி நட்டை அதன் பழைய டப்பாவில் போடுவதற்காக எடுத்தாள். எதையும் நினைக்காமல் கட்டைவிரல் தன்பாட்டுக்கு உள்ளே போயிற்று.

சன்னம்.

இன்னொரு தடவை விட்டாள். மில்லிமீட்டர் மரை. மாறுவேஷக்காரனுடையது.

கிராம்பைக் கடித்துவிட்டாள். நாக்கில் காரம் ஏறியது. பெஞ்சிலிருந்து அந்த வேறு காரின் போல்ட் ஒன்றை எடுத்து நட்டை அதில் ஏற்றிப் பார்த்தாள். மூன்று சுற்று வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்புறம் நின்றுவிட்டது. சரியான நட்டு இங்கே கையில் இருக்கிறது. அப்படியானால் அந்நியன் உள்ளே, எங்கோ ஒரு தண்டின் காலடியில், இரண்டு மூன்று மரையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நின்ற இடத்தில் ஓடும்போது தாங்கும். சாலையில் வேகம் எடுத்தால் பிய்த்துக்கொள்ளும். பிய்த்துக்கொண்ட தண்டு என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். தண்டு குத்திக் கிழித்த கையளவு ஓட்டையோடு வந்த லாரி பிளாக்கை இந்தக் கையாலேயே கழுவியிருக்கிறாள். அந்த ஓட்டை வழியாகக் கொட்டிய எண்ணெயில் பின்சக்கரம் சறுக்கித்தான் அந்த லாரி மரத்தில் மோதியது.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் உடனே தெரிந்துபோயிற்று. நட்டு எப்படி மாறியது என்று கேட்பார்கள். ஒன்பதாவது நட்டு தட்டில் எப்படி வந்தது என்று கேட்பார்கள். சாமி இல்லாத ஷெட்டில், அவர் முதுகுக்குப் பின்னால், இரண்டு வருஷமாக ஒவ்வொரு இன்ஜினுக்கும் அவள் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தது தெரியும். அப்புறம் அவள் எடுத்துக் கொடுப்பதற்காக யார் கையை நீட்டுவார்கள்? கை நீட்ட ஆளில்லாவிட்டால் அவள் வெறும் கழுவுகிறவள்.

சேஷகிரி சாவியைத் திருகினார். இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

"மேஸ்திரி," என்றாள். சத்தத்தில் கேட்கவில்லை. கிட்டே போனாள். "மேஸ்திரி, ராடு நட்டு எட்டும் வெரலாலயே எறங்குச்சா?"

கோவிந்தன் திரும்பினார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "இன்னா?"

"எட்டும் வெரல்லயே சுத்துச்சா, இல்ல ஏதாவது ஒண்ணு நடுவுல நின்னுச்சா?"

சிரிப்பு மெல்லப் போயிற்று. அவர் காரைப் பார்த்தார்; சேஷகிரியைப் பார்த்தார். "ஏன் கேக்கற?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"எல்லாம் சரியாத்தான் கீது. வழிய விடு. அவங்க கிளம்பற நேரத்துல..." குரலைத் தாழ்த்திப் பல்லுக்குள் சொன்னார்.

கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லாததே அவளுக்குப் போதுமாக இருந்தது. இன்ஜின் சத்தம் ஏறியது; கார் அசைந்தது. எல்லம்மா நாலு எட்டில் போய், வாசலை அடைத்தாற்போல் காருக்கு முன்னால் நின்றாள்.

சேஷகிரி பிரேக்கை மிதித்தார். "என்ன எல்லம்மா, ஆரத்தியா? உங்க மேஸ்திரிக்குத் தெரிஞ்சா உதைப்பாரே!" பாக்கெட்டில் கைவிட்டு நாலணாக் காசைத் தேடினார்.

"ஆரத்தி இல்ல சார். இன்ஜின நிறுத்துங்க."

"ஸொல்ப, கொஞ்சம் தள்ளு, ஏற்கெனவே லேட் ஆயிடுத்து."

"நிறுத்துங்கன்றேன்!"

அந்த ஷெட்டில் வாடிக்கைக்காரர் எவரும் அவள் அதட்டிக் கேட்டதில்லை. சேஷகிரி நிறுத்திவிட்டார். திடீரென்று விழுந்த அமைதியில் எதிர் பங்களாவில் யாரோ துணி அடித்துத் துவைப்பது கேட்டது.

"உள்ள ஒரு நட்டு தப்பு. வேற வண்டியோட நட்டு. ராடுல. நான்தான் குடுத்தேன்."

"என்ன உளர்றே? நேத்து பத்து நிமிஷம் ஓடலே? அவ்வளவு ஜம்முனு ஓடித்தே!"

"நின்னுக்கினு ஓடும் சார். கெங்கேரி தாண்டினா ரோடு காலியா கெடக்கும், நீங்க கால அமுக்குவீங்க. அப்ப பாருங்க அது ஓடறத."

"ஏழு மாசம்! ஏழு மாசம் கழிச்சு, வண்டி கேட்டைத் தாண்டற நேரத்துல வந்து சும்னே நட்டு கிட்டுன்னு..." சேஷகிரியின் முகம் சிவந்தது. "உன்னை யாரு கேட்டா? பாத்திரம் தேய்க்கற மாதிரி தேய்க்கறவ, உனக்கு என்ன தெரியும் இதெல்லாம்?"

எல்லம்மா அசையவில்லை. காரின் முன்விளக்குக் கிண்ணம் அவள் வயிற்றை ஒட்டி நின்றது.

சேஷகிரி கழுத்தைத் திருப்பினார். "மேஸ்திரி, நீங்க சொல்லுங்கோ. உங்க வார்த்தைதான் எனக்கு. போகலாமா, வேண்டாமா?"

கோவிந்தன் இடுப்பிலிருந்த துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கைகளைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். போகலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஷெட்டின் பெயர் நிற்கும், ஏழு மாத உழைப்பு இன்று பலிக்கும், இவளும் வாயை மூடிக்கொள்வாள். நட்டு தாங்கினாலும் தாங்கலாம். எல்லம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு நட்டு வெரல்லயே எறங்குச்சு," என்றார் கடைசியில். "மூணாவது ராடுல ஒண்ணு, மூணு சுத்துல நின்னுச்சு. ஸ்பேனர் போட்டு எறக்கினேன். அப்பவே மனசுல பட்டது சார். எல்லம்மா குடுத்ததாச்சேன்னு விட்டுட்டேன்."

பாகீரதி டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள்.

*

எண்ணெயை வடித்து, இன்ஜினின் அடித்தொட்டியை இறக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. காரை மரக்கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார்கள். சேஷகிரி சிகரெட்டுக்கு மேல் சிகரெட்டாக வாசலுக்கும் காருக்கும் நடந்தார். ஒரு தடவை மனைவியிடம் வந்து தாழ்ந்த குரலில் ஏதோ வெடித்தார். "இவளை எல்லாம் வேலைக்கு வெச்சிண்டு" என்பது மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

பாகீரதி கவிழ்த்த பெட்ரோல் டின் மேல் உட்கார்ந்திருந்தாள். "அவ சொல்லாம இருந்திருந்தா?" என்றாள், குரலைத் தாழ்த்தாமலே.

அதற்கப்புறம் அவர் வாசல் பக்கமே நின்றுகொண்டார்.

எல்லம்மா தன் சீமெண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். கழுவ வேண்டிய சாமான் மலையாகக் கிடந்தது. எதையும் தொடவில்லை. தப்பு தன் புத்தியில் இருக்குமோ, நட்டு சரியாகவே இருந்து, இத்தனை அமர்க்களமும் வீணோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அப்படி இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொள்ளலாமா, கூடாதா என்று தெரியாமல் விழித்தாள்.

அடியிலிருந்து ஸ்பேனர் கிறீச்சிடும் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நல்ல நட்டு அவிழும்போது அப்படிக் கிறீச்சிடாது. சேஷகிரியும் சிகரெட்டைப் போட்டுவிட்டு வந்தார்.

கோவிந்தன் ஊர்ந்து வெளியே வந்தார். துவைத்த சட்டை முதுகு முழுக்கக் கறுப்பு. உள்ளங்கையில் ஒரு நட்டும், தலைமயிர் போலச் சுருண்ட எஃகுச் சிம்பு இரண்டும் இருந்தன. "ரெண்டு மரை. ரெண்டே ரெண்டு மரையில தொங்கிக்கினு இருந்துச்சு. போல்ட்டும் போச்சு. பொட்டியில உபரி இருக்கு, மாத்திடலாம்." தொண்டையைக் கனைத்தார். "மைசூரு இன்னிக்கி இல்ல சார்."

சேஷகிரி அந்த நட்டையும் எல்லம்மாவிடமிருந்த நட்டையும் வாங்கி, இரண்டையும் வெயிலுக்கு நேரே பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பொறியியல் படித்த மனிதர். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார். குரலில் சூடு இல்லை.

"அதான் சார். பாத்தா ஒண்ணாத்தான் கீது."

"சரி," என்றார் கோவிந்தன். எல்லம்மாவை நேராகப் பார்த்தார். அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. "வேற வண்டி நட்டு இந்தத் தட்டுக்கு எப்பிடி வந்துச்சு? நீ கலக்கற ஆளு இல்லியே."

கலந்துவிட்டது என்று சொன்னால் முடிந்துபோகிற விஷயம். எல்லம்மா கிராம்பில்லாத வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் போட்டேன். திருஷ்டிக்கு."

"எதுக்கு?"

"கண்ணு படக்கூடாதுன்னு. ஒவ்வொரு தட்டுலயும் ஒண்ணு போடுவேன். பூட்டறப்ப எடுத்துடுவேன். அன்னிக்கி வெரலுல கட்டு, மாறிப்போச்சு."

பாகீரதி ஸ்கார்ஃபால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா, திகைப்பா என்று தெரியவில்லை. கோவிந்தன் மெதுவாகத் திரும்பி அலமாரியைப் பார்த்தார். அங்கே வரிசையாக ஆறு தட்டுகள்.

"என் ஷெட்டுல," என்றார். "பதினோரு வருஷமா?"

"ரெண்டு வருஷமாத்தான்."

"ரெண்டு வருஷமாத்தான்!" மீசை துடித்தது. கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி ஓங்கினார். எங்கே எறிவது என்று தெரியாமல் பெஞ்சின் மேல் டொக்கென்று வைத்தார். "இதுக்கு நீ சூடமே கொளுத்தியிருக்கலாமே, படுபாவி. ஷெட்டு மட்டுந்தான் எரிஞ்சிருக்கும். ரெண்டு உசிரு போயிருக்குமேடி!"

"தெரியும் மேஸ்திரி. அதான் முன்னால வந்து நின்னேன். நாளைலேர்ந்து வராதன்னா வரல."

சேஷகிரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கோவிந்தன் அங்கேயே நின்று மூச்சு வாங்கினார். அப்புறம் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷம் சுத்தியலும் அரமும் பிடித்துக் காய்த்துக் கல்லாகிப்போன விரல்கள். அந்நிய நட்டை எடுத்துத் தன் கட்டைவிரலை அதற்குள் விட்டுச் சுற்றினார். நல்ல நட்டுக்குள் விட்டுச் சுற்றினார். மறுபடி முதல் நட்டு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரலிலும் ஒன்றும் தெரியவில்லை போலிருந்தது.

"இன்னும் ஏழு கீது உள்ள," என்றார் யாரையும் பார்க்காமல்.

கீழே விரித்திருந்த சாக்கின் மேல் மல்லாந்து படுத்து, குதிகாலால் உந்திக் காருக்கு அடியில் போனார். எல்லம்மா இருந்த இடத்திலேயே நின்றாள். உள்ளிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. ஸ்பேனர் பெஞ்சின் மேலேயே கிடந்தது. சற்றுப் பொறுத்துச் சாக்கு மட்டும் சரசரத்தது. கோவிந்தன் ஒருக்களித்து, சுவர்ப்பக்கமாக உடம்பை ஒடுக்கிக்கொண்டு, சாக்கில் இன்னொருவர் படுக்கப் பாதி இடத்தைக் காலியாக விட்டு நகர்ந்து படுத்தார்.